சூடான உலோகமும் வெற்றிடத்து வாயுக்களும்: பினாங்கு தொழிற்சாலை நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையிலும் பாலம் தாண்டி கூலிமிலும் ஷிப்ட் பார்க்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு வெற்றிட சேம்பர்தான், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த மூடிய கலம்தான், அன்றாட வேலை. மெஷின் கையேடு ஆங்கிலத்தில் இருக்கும், பயிற்சி பாதி மலாயில் நடக்கும். சேம்பருக்குள் நடக்கும் இயற்பியலை உட்கார்ந்து தமிழில் பேச யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: சேம்பருக்குள் சிவக்கச் சூடான எந்த உலோகமும் வாயுக்களைச் சும்மா விடாது. அது வாயுவை உடைக்கும், பிடித்துவைக்கும், வேறு வாயுவாக மாற்றி வெளியே அனுப்பும். அழுத்தத்தை அளக்கும் கருவியான கேஜ் காட்டும் எண்ணை நம்புவதற்கு முன்னால் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

காற்றை முழுக்க உறிஞ்சிவிட்ட பிறகு சேம்பரில் என்ன வாயு மிச்சம் இருக்கப் போகிறது?

நிறையவே இருக்கிறது. கேஜ் 10⁻⁶ மில்லிபார் காட்டும்போது, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் நூறு கோடியில் ஒரு பங்கு இருக்கும்போது, ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் இன்னும் சுமார் 2,500 கோடி மூலக்கூறுகள் பறந்துகொண்டிருக்கும். ஆனால் அவை ஒன்றோடொன்று மோதுவது அபூர்வம். ஒரு மூலக்கூறு இன்னொன்றின் மேல் மோத சராசரியாக 60 மீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். நம் சேம்பர் அரை மீட்டரோ ஒரு மீட்டரோதான். ஆகவே எல்லா மோதலும் சுவரிலும், ஃபிலமென்ட் என்ற சூடேறும் மெல்லிய கம்பியிலும், உள்ளே மாட்டியிருக்கும் சாமான்களிலும்தான்.

இந்த அழுத்தத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை ஒரு வினாடியில் ஏறக்குறைய 3 × 10¹⁴ நைட்ரஜன் மூலக்கூறுகள் தாக்கும். அதே பரப்பில் மேலே தெரியும் உலோக அணுக்கள் சுமார் 10¹⁵. மோதுவதெல்லாம் ஒட்டிக்கொண்டால் மூன்று நான்கு வினாடியில் அந்தப் பரப்பு முழுக்க மூடிவிடும். 10⁻⁹ மில்லிபாரில் அதற்கு ஒரு மணி நேரம் அளவுக்கு ஆகும். வெற்றிட வேலையில் வாயுவைவிடப் பரப்பைப் பற்றியே அதிகம் பேசுவது இதனால்தான்.

மூலக்கூறு சூடான உலோகத்தில் மோதினால் என்ன நடக்கும்?

அது எந்த வாயு, எந்த உலோகம், என்ன சூடு என்பதைப் பொறுத்தது. ஆர்கான், ஹீலியம் மாதிரி யாரோடும் சேராத வாயுக்கள் மோதிவிட்டுக் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொண்டு போய்விடும். ஆக்சிஜன் டங்ஸ்டனோடு ஒட்டி ஆக்சைடு ஆகும்; உலோகம் வெள்ளையாக ஒளிரும் சூட்டில் அந்த ஆக்சைடு அங்கேயே தங்காமல் ஆவியாகிப் பக்கத்துச் சுவரில் படியும். ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு தனி அணுக்களாக உடையும். பம்ப் எண்ணெயின் ஆவி வந்தால் அது கருகிக் கார்பனை விட்டுச் செல்லும். இவை எல்லாம் ஒரே ஃபிலமென்டில் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

கேஜை ஆன் செய்தவுடன் அழுத்தம் ஏறுகிறது. லீக்கா?

முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். அயனி கேஜ் என்பது, சூடான ஃபிலமென்டிலிருந்து புறப்படும் எலக்ட்ரான்களைக் கிரிட் என்ற கம்பிச் சுருளுக்கு இழுத்து, வழியில் அவை வாயுவிலிருந்து உண்டாக்கும் அயனிகளைச் சேகரிப்புக் கம்பியில் எண்ணும் கருவி. அதன் ஃபிலமென்ட் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதைச் சுற்றியுள்ள கிரிட், தாங்கிக் கம்பிகள், கேஜ் குழாயின் சுவர் எல்லாமே சேர்ந்து சூடேறும். அதுவரை அவற்றில் ஒட்டியிருந்த நீராவியும் மற்ற வாயுக்களும் கிளம்பும். கேஜ் தன் வாயருகே வரும் வாயுவைத்தான் அளக்கிறது. சேம்பரின் நடுவில் அழுத்தம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். எண் ஏறி, பிறகு தானாக இறங்கிக்கொண்டே வந்தால் அது லீக் இல்லை. இறங்கி ஓர் இடத்தில் நின்று, மணிக்கணக்கில் அங்கேயே நின்றால் அப்போது ஹீலியம் லீக் டிடெக்டரை எடுக்கலாம்.

லீக் என்று முடிவு கட்டி ஃபிளேஞ்ச் என்ற இணைப்புத் தட்டுகளை எல்லாம் கழற்றிப் புது கேஸ்கெட் (இடையில் வைக்கும் அடைப்பு வளையம்) போடுவதைப் பார்த்திருக்கிறேன். கழற்றும்போது வெளிக்காற்று உள்ளே வந்து, நிலைமை இன்னும் மோசமாகும்.

பினாங்கு ஈரப்பதத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிச்சயமாக. நம் ஊரில் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் சாதாரணம். அந்தக் காற்றில் நீராவியின் பங்கு மட்டும் 34 மில்லிபார், மொத்தத்தில் 3 சதவீதத்துக்கு மேல். கிளீன்ரூமுக்குள் 22 டிகிரி, 45 சதவீதம் என்று வைத்திருந்தாலும் 12 மில்லிபார் இருக்கும். கதவு திறந்த சில நிமிடங்களில் சேம்பர் சுவரில் பல அடுக்கு நீர் படிந்துவிடும்.

அந்த நீர் ஏன் லேசில் போகாது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுவரில் ஒட்டிய மூலக்கூறு எவ்வளவு நேரம் அங்கே இருக்கும் என்பது, அதைப் பிடித்திருக்கும் ஆற்றலையும் சுவரின் வெப்பநிலையையும் பொறுத்தது. அதுவும் அடுக்குக்குறி முறையில் மாறும். நைட்ரஜன் அறை வெப்பநிலையில் ஒட்டிய வேகத்திலேயே பிரிந்துவிடும். நானோ வினாடிக் கணக்குதான். நீருக்குப் பிடிப்பு மோலுக்கு 100 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டால், 27 டிகிரியில் ஒரு மூலக்கூறு சராசரியாக ஏழு மணி நேரம் ஒட்டியிருக்கும். பிரிந்து போனாலும் பம்ப் வாய்க்குப் போய்ச் சேருவதற்குள் வேறு சுவரில் ஒட்டி, மறுபடி ஏழு மணி நேரம். அதே சுவர் 150 டிகிரியில் இருந்தால் ஒட்டியிருக்கும் நேரம் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. பம்ப் ஓடும்போதே சேம்பரைச் சூடாக்கிப் பேக்-அவுட் செய்கிறோமே, அதன் முழு ரகசியம் இதுதான். பம்ப்பை மாற்றிப் பெரிதாகப் போடுவதைவிடச் சுவரைச் சூடாக்குவது பல மடங்கு பலன் தரும்.

சேம்பரில் ரப்பர் ஓ-ரிங் இருந்தால் 150 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. செம்பு கேஸ்கெட் போட்ட முழு உலோகச் சேம்பரானால் 200, 250 வரை தாராளமாகப் போகலாம். சேம்பரின் எல்லாப் பகுதியையும் சமமாகச் சூடாக்குங்கள். ஒரு மூலை குளிர்ந்திருந்தால் மற்ற இடத்து நீரெல்லாம் அங்கே போய்ச் சேரும். அப்புறம், சேம்பரைத் திறக்கும்போது உலர்ந்த நைட்ரஜனை உள்ளே விட்டு வென்ட் செய்யுங்கள், வேலை முடியும்வரை மெல்லிய நைட்ரஜன் ஓட்டத்தை விட்டுவையுங்கள். இந்த ஊரில் இதைத் தவிர்க்க முடியாத வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

அண்ணா, கேஜ் அழுத்தத்தை அளக்கத்தானே இருக்கிறது, அது எப்படி வாயுவையே மாற்றும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். இதன் கதை மின்விளக்கில் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் 1909-இல் சேர்ந்த இர்விங் லாங்மியூர், டங்ஸ்டன் விளக்கின் கண்ணாடி ஏன் உள்ளே கறுக்கிறது என்று ஆராய்ந்தார். வெற்றிடம் போதவில்லை, இன்னும் நன்றாகக் காற்றை எடுக்க வேண்டும் என்பதுதான் அப்போது எல்லோருடைய எண்ணமும். அவர் விளக்குக்குள் ஒவ்வொரு வாயுவாக வேண்டுமென்றே விட்டுப் பார்த்தார். மோசமான ஆள் நீராவி என்று தெரிந்தது.

நடப்பது இப்படி. நீர் மூலக்கூறு சூடான டங்ஸ்டனில் மோதி உடைகிறது. ஆக்சிஜன் டங்ஸ்டனோடு சேர்ந்து ஆக்சைடாகி, ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது. பிரிந்த ஹைட்ரஜன் தனி அணுக்களாகப் பறந்து அதே கண்ணாடிக்குப் போகிறது. தனி அணு ஹைட்ரஜனுக்கு வினைபுரியும் வேகம் அதிகம். குளிர்ந்த கண்ணாடியிலேயே அது ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது கறுப்பு டங்ஸ்டன் படலமும் புதிதாக உண்டான நீர் மூலக்கூறும். அந்த நீர் மறுபடி ஃபிலமென்டுக்கு வருகிறது. நீர் கொஞ்சமும் செலவாகாமல், ஃபிலமென்டை அணு அணுவாகச் சுவருக்குச் சுமந்துகொண்டே இருக்கும். மிகச் சிறிய அளவு நீராவி ஒரு விளக்கையே கெடுத்துவிட இதுதான் காரணம். பரப்புகளில் நடக்கும் வேதியியல் ஆராய்ச்சிக்காக லாங்மியூருக்கு 1932-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் அயனி கேஜில் டங்ஸ்டன் ஃபிலமென்ட் இருந்தால் இதே வேலை அங்கேயும் நடக்கிறது. பழைய கண்ணாடி கேஜ் கிடைத்தால் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஃபிலமென்டுக்கு நேர் எதிரே கறுப்பும் பழுப்புமாக ஒரு படலம் இருக்கும்.

ஹைட்ரஜன் கதையும் முக்கியம். சூடான டங்ஸ்டனில் உடைந்த ஹைட்ரஜன் அணு சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஹைட்ரஜன் குறைவது போலத் தெரியும். கேஜே ஒரு சின்னப் பம்ப் ஆகிவிடும். போகும் வழியில் கார்பன் இருந்தால் மீத்தேன் ஆகும், ஆக்சைடு இருந்தால் நீர் ஆகும். டங்ஸ்டனுக்குள்ளேயே சிறிதளவு கார்பன் மாசாக இருப்பதால், ஆக்சிஜனோ நீரோ வந்து மோதும்போது கார்பன் மோனாக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் புறப்படும். நீங்கள் ஆக்சிஜனை உள்ளே விட்டுவிட்டு, மூலக்கூறுகளை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் வாயுப் பகுப்பாய்வியில் கார்பன் மோனாக்சைடு பார்ப்பீர்கள். சேம்பரில் அது எங்கேயும் கசியவில்லை, ஃபிலமென்ட் தயாரித்தது.

அப்படியானால் எந்த ஃபிலமென்ட் வாங்கச் சொல்வது? டங்ஸ்டனா, பூச்சுப் போட்ட இரிடியமா?

பொதுவான வேலைக்கு இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) பூசிய இரிடியத்தையே சொல்வேன். எலக்ட்ரானை வெளியே விட டங்ஸ்டனுக்கு 4.5 எலக்ட்ரான்வோல்ட் தேவை. பூச்சுக்கு அதைவிட மிகக் குறைவு. ஆகவே பல நூறு டிகிரி குறைந்த சூட்டிலேயே அதே மின்னோட்டம் கிடைக்கும். சூடு குறைந்தால் மேலே சொன்ன வேதிவேலைகளும் குறையும். யாராவது தவறி வால்வைத் திறந்து காற்று உள்ளே பாய்ந்தாலும் இரிடியம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். டங்ஸ்டன் அந்த நொடியே எரிந்துபோகும். முன்பு தோரியா (தோரியம் ஆக்சைடு) பூச்சு அதிகம் பயன்பட்டது. தோரியம் லேசான கதிரியக்கம் உள்ளது, அதனால் இட்ரியா இடம்பிடித்தது.

ஃபுளோரின், குளோரின் கலந்த வாயு ஓடும் சேம்பரானால் டங்ஸ்டனே நல்லது. அந்த வாயுக்கள் பூச்சைக் கெடுத்துவிடும்.

பகுப்பாய்வியில் 28-இல் பெரிய பீக். நைட்ரஜனா, கார்பன் மோனாக்சைடா?

இரண்டுக்கும் நிறை 28 என்பதால் பக்கத்து பீக்குகளைப் பார்க்க வேண்டும். நைட்ரஜன் என்றால் 14-இல் தெளிவாக ஒரு துணை பீக் எழும். கார்பன் மோனாக்சைடு என்றால் 12-இலும், கொஞ்சம் 16-இலும். இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

பலர் தவறவிடுவது அடுத்தது. காற்று லீக் என்றால் 32-இல் ஆக்சிஜன் இருக்க வேண்டும், இல்லையென்றால் லீக் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். சூடான ஃபிலமென்டும், புதிதாகப் படிந்த டைட்டானியமும் இருக்கிற சேம்பரில் ஆக்சிஜன் உள்ளே வந்த வேகத்திலேயே காணாமல் போகும். காற்றில் 0.93 சதவீதம் ஆர்கான் இருக்கிறது, அதை எந்த உலோகமும் தொடாது. ஆகவே 40-இல் பாருங்கள். சேம்பரில் ஆர்கான் பயன்படுத்தாத நாளில் 40-இல் பீக் நிலையாக நின்றால், 32 சுத்தமாக இருந்தாலும் லீக்கைத் தேடத் தொடங்கலாம்.

41, 43, 55, 57 என்று வரிசையாக எழுந்தால் எண்ணெய். ரோட்டரி பம்ப் பக்கத்தைக் கவனியுங்கள். சூடான ஃபிலமென்டில் அந்த எண்ணெய் கருகிக் கார்பைடாகி, கம்பியை நொறுங்கும்படி ஆக்கிவிடும்.

டைட்டானியம் ஆவியாக்கும்போது அழுத்தம் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறதே, ஏன்?

முதலில் பார்க்கும் எவரையும் வியக்கவைக்கும் காட்சி இது. எலக்ட்ரான் கற்றையில் டைட்டானியம் உருகும்போது முதலில் அழுத்தம் ஏறும், கட்டியில் அடைபட்ட வாயு வெளியேறுவதால். ஷட்டர் என்ற தடுப்புத் தகட்டைச் சுற்றி ஆவி பரவிச் சுவரில் புதுப் படலம் படியத் தொடங்கியதும் எண் மளமளவென்று இறங்கும். புது டைட்டானியம் பசியோடு இருக்கும் உலோகம். ஆக்சிஜன், நைட்ரஜன், நீராவி, ஹைட்ரஜன், கார்பன் ஆக்சைடுகள் எல்லாவற்றையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆர்கான், ஹீலியம், மீத்தேன் மட்டும் தப்பும். இந்தக் குணத்தையே பம்ப்பாக்கியதுதான் டைட்டானியம் சப்லிமேஷன் பம்ப்.

பழைய பெட்டி டிவியின் படக்குழாயைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு, கண்ணாடிக்கு உள்ளே வெள்ளி மாதிரிப் பளபளக்கும் ஒரு திட்டு நினைவிருக்கும். அது பேரியம். குழாயை அடைத்து மூடிய பிறகு, உள்ளே ஒரு சின்ன வளையத்தை வெளியிலிருந்தே தூண்டல் முறையில் சூடாக்கி, பேரியத்தை ஆவியாக்கிப் படியவைப்பார்கள். மிச்ச வாயுவையெல்லாம் குழாயின் ஆயுள் முழுக்க அது பிடித்துக்கொண்டே இருக்கும். குழாயில் காற்று புகுந்துவிட்டால் அந்த வெள்ளி மினுக்கம் வெளுத்து மாவு போலாகும்.

இதே சேம்பரில் அலுமினியம் ஆவியாக்கினால் கதை வேறு. புது அலுமினியம் நீராவியின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விட்டுவிடும். பகுப்பாய்வியில் 18 இறங்க, 2 ஏறும். சேம்பரில் எவ்வளவு நீர் மிச்சம் இருந்தது என்பதற்கு இது நல்ல சாட்சி.

நன்றாக பேக்-அவுட் செய்த பிறகும் ஹைட்ரஜன் மட்டும் போகவே இல்லை. எங்கிருந்து வருகிறது?

எஃகின் உள்ளிருந்து. ஆலையில் உருக்கும்போதே துருப்பிடிக்காத எஃகுக்குள் ஹைட்ரஜன் அணுக்கள் புகுந்துவிடுகின்றன. அவை மெல்ல மெல்ல நகர்ந்து பரப்புக்கு வந்து, இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறாகி வெளியேறும். 200 டிகிரி பேக்-அவுட் பரப்பு நீரைத்தான் துரத்தும். உள்ளே இருக்கும் ஹைட்ரஜனை உண்மையாகக் குறைக்க, சேம்பரைச் செய்யும்போதே வெற்றிட உலையில் 950 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எடுக்க வேண்டும். அது நம் ஷிப்டில் செய்கிற வேலை இல்லை.

பிரானி கேஜும் சூடான கம்பிதானே? அதற்கும் இந்தத் தொல்லைகள் உண்டா?

1906-இல் மார்செல்லோ பிரானி அதைக் கண்டுபிடித்ததும் விளக்குத் தொழிலுக்காகத்தான். அதன் கம்பி நூறு டிகிரிக்குச் சற்று மேலே மட்டுமே சூடாகிறது, வாயுவை உடைக்காது. வாயு எவ்வளவு வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்பதை அளக்கிறது, ஆகவே வாயு மாறினால் எண்ணும் மாறும்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். நைட்ரஜனுக்கு அளவு திருத்திய பிரானி கேஜை வைத்துக்கொண்டு ஆர்கானால் சேம்பரை நிரப்பினால், ஆர்கான் வெப்பத்தைக் குறைவாகக் கடத்துவதால் கேஜ் மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். உள்ளே ஒரு வளிமண்டல அழுத்தம் வந்த பிறகும் கேஜ் சில பத்து மில்லிபாரிலேயே நிற்கும். இன்னும் நிரம்பவில்லை என்று வாயுவை விட்டுக்கொண்டே போனால் பார்வைக் கண்ணாடி வெடிக்கலாம். ஆர்கான் நிரப்பும் சேம்பரில், எந்த வாயுவானாலும் அழுத்தத்தை நேரடியாக அளக்கும் சவ்வு வகைக் கெபாசிட்டன்ஸ் கேஜும், அழுத்தம் கூடினால் தானாகத் திறக்கும் வால்வும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கம்பியின் தூய்மையும் எண்ணைப் பாதிக்கும். சுத்தமான டங்ஸ்டனில் மோதும் ஹீலியம் அணு, தான் எடுத்திருக்கக்கூடிய வெப்பத்தில் ஏறக்குறைய நூற்றில் இரண்டு பங்கைத்தான் எடுத்துச் செல்கிறது. அதே கம்பியில் வேறு வாயு படிந்திருந்தால் பல மடங்கு அதிகம் எடுக்கும்.

சேம்பர் 300 டிகிரிக்கு மேல் இருக்கிறது, கேஜ் வெளியே குளிர்ந்த குழாயில். எண் சரியாக இருக்குமா?

இருக்காது. குறைந்த அழுத்தத்தில் இரண்டு பக்க அழுத்தமும் சமமாகாது. இரு பக்க வெப்பநிலைகளின் விகிதத்தின் வர்க்கமூலப்படி நிற்கும். சேம்பர் 327 டிகிரி, கேஜ் 27 டிகிரி என்றால் கெல்வினில் 600, 300. கேஜ் காட்டுவது உண்மை அழுத்தத்தில் 71 சதவீதம்.

அயனி கேஜில் வாயுவுக்கு ஏற்ற திருத்தம் எவ்வளவு?

நைட்ரஜனை 1 என்று வைத்தால் ஹீலியத்துக்கு சுமார் 0.18, ஹைட்ரஜனுக்கு 0.46, ஆர்கானுக்கு 1.3. கேஜ் எண்ணை இதனால் வகுக்க வேண்டும். ஹீலியம் நிறைந்த சேம்பரில் 1 × 10⁻⁶ என்று காட்டினால் உண்மை சுமார் 5.6 × 10⁻⁶.

டிகாஸ் பட்டனை எப்போது அழுத்துவது?

கேஜின் கிரிட்டைச் சூடாக்கி, அதில் ஒட்டிய வாயுவை விரட்டும் பட்டன் அது. அழுத்த வேண்டியது பேக்-அவுட் முடியும் தறுவாயில், சேம்பர் இன்னும் சூடாக இருக்கும்போது, அழுத்தம் 10⁻⁵ மில்லிபாருக்குக் கீழே போன பிறகு. அப்போது கிரிட்டிலிருந்து கிளம்பும் வாயு சூடான சுவரில் ஒட்டாமல் நேரே பம்ப்புக்குப் போகும். குளிர்ந்த சேம்பரில் செய்தால் கேஜ் சுத்தமாகும், அழுக்கு சுவருக்கு மாறும், அவ்வளவுதான். ஆக்சிஜன் ஓட்டிய சேம்பரில் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கிரிட்டில் ஒட்டிய ஆக்சிஜனை எலக்ட்ரான்கள் அயனியாகவே தட்டி எடுத்துச் சேகரிப்புக் கம்பிக்கு அனுப்பும். இல்லாத அழுத்தத்தைக் கேஜ் காட்டும்.

கிரிட்டில் 150 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். சேம்பர் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் கேஜ் கேபிளைத் தொட வேண்டாம்.

ஃபிலமென்ட் போய்விட்டது. ஏன் போனது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

பெரும்பாலும் முடியும். டங்ஸ்டன் கம்பியிலும் அடித்தளத்திலும் மஞ்சள் அல்லது நீலத் தூள் இருந்தால் காற்றோ நீரோ புகுந்திருக்கிறது. மஞ்சள் முழு ஆக்சைடு, நீலம் ஆக்சிஜன் குறைந்த ஆக்சைடு. கம்பி சீராக மெலிந்து ஓர் இடத்தில் அறுந்து, எதிரே கண்ணாடி கறுத்திருந்தால் நீராவிச் சுழற்சியும் வயதும். கறுப்பேறி, தொட்டால் பொடிந்தால் எண்ணெய். இரிடியத்தில் பூச்சு உதிர்ந்து வெற்று உலோகம் தெரிந்தால், ஓட்டிய வாயுக்களின் பட்டியலைப் பாருங்கள்.

ஃபிலமென்ட் சாவதற்கு முன்பே ஒரு தடயம் தரும். எலக்ட்ரான் ஓட்டத்தை மாறாமல் வைக்க, கன்ட்ரோலர் சூடாக்கும் மின்னோட்டத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். அந்த மின்னோட்டம் வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால் பரப்பு ஏதோ வாயுவால் கெட்டுவருகிறது.

லாக் புத்தகத்தில் அழுத்தத்தை மட்டும் எழுதினால் போதாதா?

போதாது. அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே எந்த கேஜ், ஃபிலமென்ட் ஆன் செய்து எவ்வளவு நேரம், எமிஷன் மின்னோட்டம் (ஃபிலமென்ட் விடும் எலக்ட்ரான் ஓட்டம்), சூடாக்கும் மின்னோட்டம், சேம்பர் சுவரின் வெப்பநிலை, கடைசியாகத் திறந்தது எப்போது, நைட்ரஜனால் வென்ட் செய்ததா வெளிக்காற்றாலா, அதற்குப் பின் எந்த உலோகம் ஆவியாக்கப்பட்டது என்று எழுதுங்கள். அடுத்த ஷிப்டுக்கு வரும் தம்பி 2 × 10⁻⁶ என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா என்பதை இந்த ஒரு வரியை வைத்துத்தான் முடிவு செய்வான்.